அரசாணைக்குப் பிறகுதான் வேலை: பெங்களூரு அலுவலகங்களில் ஒரு சீர்திருத்தத்தைக் கவுன்ட்டர் வரை கொண்டுசேர்ப்பது எப்படி

அரசாணை போட்டாச்சு, மென்பொருள் வாங்கியாச்சு, இரண்டு நாள் பயிற்சியும் நடத்தியாச்சு. இத்தோடு சீர்திருத்தம் வந்துவிட்டது என்று தலைமை அலுவலகத்தில் எல்லோரும் நம்பிவிடுகிறார்கள். பெங்களூருவில் கடந்த 25 வருடங்களில் வந்த மாற்றங்களில் எது நிலைத்தது, எது பாதியில் நின்றது என்று பார்த்தால், வித்தியாசம் இந்த மூன்றுக்கும் பிறகுதான் தொடங்குகிறது. கவுன்ட்டரில் இருக்கும் கேஸ் ஒர்க்கர் (கோப்பைக் கையாளும் எழுத்தர்) மறுநாள் காலை பழைய லெட்ஜரை எடுக்கிறாரா, புதிய திரையைத் திறக்கிறாரா என்பதுதான் கேள்வி. அவர் லெட்ஜரை எடுத்தால் அதற்கு ஒரு காரணம் இருக்கும். அந்தக் காரணத்தை முன்கூட்டியே கண்டுபிடித்து நீக்குவது எப்படி என்பதே இந்தக் குறிப்பு.

மாநகராட்சியிலோ வாரியத்திலோ திட்டப் பொறுப்பில் இருப்பவர்கள், அரசுத் துறைகளுக்கு மென்பொருள் செய்து தரும் நிறுவனங்களில் வேலை பார்க்கும் நம்மவர்கள், வார்டு அளவில் இயங்கும் சங்கத்தினர் ஆகியோரை மனதில் வைத்து எழுதியிருக்கிறோம்.

முதல் வாரம்: கோப்பின் பின்னாலேயே போங்கள்

எந்தச் சேவையை மாற்றப்போகிறீர்களோ அதில் முடிந்த கோப்பு 30, முடியாமல் கிடக்கும் கோப்பு 30 எடுங்கள். ஒவ்வொன்றும் எந்த மேஜைக்கு எந்தத் தேதியில் வந்தது, எந்தத் தேதியில் கிளம்பியது என்று குறியுங்கள். விண்ணப்பங்கள் வந்துசேரும் டப்பால் பிரிவில் தொடங்கி கேஸ் ஒர்க்கர், பில் கலெக்டர், ரெவென்யூ இன்ஸ்பெக்டர், ஏ.ஆர்.ஓ (உதவி வருவாய் அதிகாரி) என்று வரிசையாகப் போகும். சொத்தின் பெயர் மாற்றக் கோப்பை எடுத்துக்கொண்டால், எல்லா மேஜைகளிலும் சேர்த்து உண்மையான வேலை ஒரு மணி நேரத்தைத் தாண்டாது. மீதி நாட்களெல்லாம் காத்திருப்பு. அந்தக் காத்திருப்பு எந்த மேஜையில் மொத்தமாகக் குவிகிறது என்று பாருங்கள். அங்கே ஆள் போதவில்லையா, அதிகாரம் இல்லையா, அல்லது யாராவது வந்து ‘பார்க்கட்டும்’ என்று காத்திருக்கிறார்களா? மூன்றுக்கும் மருந்து வேறு வேறு. மென்பொருளால் மூன்றாவதை மட்டும் ஓரளவு தடுக்கலாம். ஆள் போதாத இடத்தில் மென்பொருள் போட்டால் கோப்பு திரையில் தேங்கும், அவ்வளவுதான்.

இந்த வேலையை ஆலோசனை நிறுவனத்திடம் ஒப்படைக்காதீர்கள். பிறகு இந்த மாற்றத்தை நடத்தப்போகிறவரே போய் உட்கார வேண்டும். மாற்றத்துக்கு எதிராக நாளைக்கு வரப்போகும் ஒவ்வொரு வாதமும் அந்த வாரத்திலேயே காதில் விழுந்துவிடும்.

யாருக்கு என்ன போகிறது

அடுத்து ஒரு தாளை நான்கு பத்தியாகப் பிரித்து, ஒவ்வொரு பதவிக்கும் எதிரே எழுதுங்கள்: அதிகாரத்தில் எது குறைகிறது, வருமானத்தில் எது போகிறது, வேலை எவ்வளவு கூடுகிறது, மரியாதையில் எது தேய்கிறது. இந்தத் தாள் கோப்பில் சேராது. ஆனால் இது இல்லாமல் தொடங்கினால் எதிர்ப்பு எங்கிருந்து வருகிறது என்றே தெரியாமல் தடுமாறுவீர்கள். எதிர்ப்பு பெரும்பாலும் எதிர்ப்பாக வருவதில்லை. ‘சர்வர் டவுன்’, ‘லாகின் வரவில்லை’, ‘மேலிடத்தில் தெளிவுரை கேட்டிருக்கிறோம்’ என்றுதான் வரும்.

கர்நாடகத்தின் பூமி திட்டத்தை இங்கே நினைத்துப் பார்க்கலாம். நில ஆவணமான ஆர்டிசி அதுவரை கிராமக் கணக்கரின் கையில் இருந்தது. 2000-ஐ ஒட்டி அதைக் கணினிக்குக் கொண்டுவந்து, தாலுகா அலுவலகத்தில் 15 ரூபாய்க்கு நகல் தந்தார்கள். கிராமக் கணக்கருக்கு நான்கு பத்தியிலும் நஷ்டம். அதனால் நல்லெண்ணத்தை மட்டும் நம்பி அந்தத் திட்டத்தை நடத்தவில்லை. கணினி வேலை முடிந்த தாலுகாவில் கையால் எழுதிய ஆர்டிசி செல்லாது என்று அறிவித்தார்கள். கடவுச்சொல்லுக்குப் பதில் விரல்ரேகை வைத்தால்தான் உள்ளே போக முடியும். பட்டா மாற்ற விண்ணப்பங்களை வந்த வரிசையில்தான் எடுக்க முடியும், நடுவில் ஒன்றை உருவ முடியாது. விண்ணப்பதாரர் பக்கம் திரும்பிய இரண்டாவது திரை ஒன்றும் வைத்தார்கள். உள்ளே என்ன தட்டச்சாகிறது என்பதை விவசாயி நின்ற இடத்திலேயே பார்க்கலாம். இந்த இரண்டாவது திரைக்கு ஆகும் செலவு மிகக் குறைவு. இன்றைக்கும் பல கவுன்ட்டர்களில் அது இல்லை என்பது வருத்தமான விஷயம்.

நஷ்டப்படுகிறவர்கள் எல்லோரும் லஞ்சம் வாங்குகிறவர்கள் என்று நினைத்துவிடக் கூடாது. நகரத்தைப் பெருக்கும் பௌரகார்மிகர்களில் தெலுங்கும் தமிழும் பேசும் தலித் பெண்கள் ஏராளம். 2017-18 வாக்கில் ஒப்பந்தக்காரரை விலக்கி மாநகராட்சியே நேரடியாகச் சம்பளம் தரும் முறை வந்தது. நோக்கம் நல்லது, தொழிலாளர்களே கேட்டுப் போராடியது. ஆனால் பழைய பட்டியலும் பயோமெட்ரிக் பட்டியலும் ஒத்துப்போகாத இடங்களில் சம்பளம் மாதக்கணக்கில் தள்ளிப்போனது. அன்றாடக் கூலியில் குடும்பம் நடத்துகிறவர் ஒரு மாதம்கூடத் தாங்க மாட்டார். ஆகவே சம்பளம், ஓய்வூதியம், ரேஷன் என்று வயிற்றோடு சம்பந்தப்பட்ட எதை மாற்றினாலும் ஒரு விதியை ஆணையிலேயே எழுதிவையுங்கள்: பட்டியல் சரிபார்த்து முடியும்வரை போன மாதம் வாங்கிய தொகை இந்த மாதமும் போகும், அதிகமாகப் போயிருந்தால் பிறகு கழித்துக்கொள்ளலாம். நிதிப்பிரிவு முதலில் மறுக்கும். மூன்று மாத வரம்பு போட்டுக் கேளுங்கள், கிடைக்கும்.

பழைய பதிவேட்டின் பிழைகள்

அதிகமாகச் சறுக்குகிற இடம் இது. பதிவேட்டை ஸ்கேன் செய்து ஏற்றியதும் ‘டிஜிட்டல் ஆகிவிட்டது’ என்கிறார்கள். உள்ளே இருப்பது முப்பது வருடத்துப் பிழை.

ஒவ்வொரு துணை அலுவலகத்திலும் குலுக்கல் முறையில் 400 பதிவுகள் எடுங்கள். உரிமையாளர் பெயர், மனை எண், பரப்பளவு, காத்தா (மாநகராட்சியின் சொத்துக் கணக்குப் பதிவு) எண், வரி நிலுவை ஆகிய ஐந்தையும் மூலப் பத்திரத்தோடு ஒப்பிடுங்கள். இருவர் உட்கார்ந்தால் ஒரு வாரத்தில் முடிந்துவிடும். 400-இல் 20 பிழை வந்தால், மொத்தப் பதிவேட்டில் பிழை 3 முதல் 7 சதவீதம் வரை இருக்கலாம் என்று பொருள். அந்த அலுவலகத்தில் ஒரு லட்சம் சொத்து இருந்தால் மூவாயிரத்திலிருந்து ஏழாயிரம் பேர் திருத்தம் கேட்டு வரிசையில் நிற்பார்கள். நடுவில் ஐயாயிரம் என்று வையுங்கள். ஒரு திருத்தத்துக்கு 40 நிமிடம், இரண்டு பேர், ஆளுக்கு நாளொன்றுக்கு ஆறு மணி நேரம் என்றால் கிட்டத்தட்ட 278 வேலை நாள். ஞாயிறும் பண்டிகையும் கழித்தால் ஒரு முழு வருடம்! இந்தக் கணக்கை ஆணையருக்கு ஒரே பக்கத்தில் காட்டினால் கூடுதல் ஆள் கிடைக்கும். ‘பிழைகள் அதிகம் உள்ளன’ என்று பொதுவாக எழுதினால் கிடைக்காது.

2024 அக்டோபரில் சொத்துப் பதிவுக்கு இ-காத்தா (மின்னணுக் காத்தா) கட்டாயமானபோது மக்கள் பட்ட சிரமத்தில் பெரும்பகுதி இதைச் சேர்ந்ததுதான். விற்பனைப் பத்திரம், ஆதார், வரி விவரம், வில்லங்கச் சான்று, பெஸ்காம் (மின் விநியோக நிறுவனம்) கணக்கு எண், கட்டடத்தின் புகைப்படம் எல்லாம் வீட்டில் இருக்கும். ஆனால் ஒன்றில் இருக்கும் பெயர் மற்றொன்றில் அப்படியே இருக்காது.

தமிழ்க் குடும்பங்களுக்கு இது இரட்டைச் சிக்கல். ஸ்ரீராம்புரத்திலோ அல்சூரிலோ நாற்பது வருடத்துக்கு முன் மனை வாங்கிய ஒருவரை எடுத்துக்கொள்ளுங்கள். பத்திரத்தில் அவர் ‘எஸ். முருகன், த/பெ சுப்பிரமணி’. ஆதாரில் ‘முருகன் எஸ்’. பான் அட்டையில் இனிஷியல் ஏற்க மாட்டார்கள் என்பதால் ‘சுப்பிரமணி முருகன்’. அதாவது அப்பா பெயர் முன்னால் வந்து அவர் பெயரே கடைசிப் பெயராகிவிட்டது. காத்தாவில் கன்னடத்தில் வெறும் ‘முருகன்’. ழகரம் வரும் பெயர் என்றால் இன்னும் மோசம். கன்னடத்தில் அது ளகரமாக ஏறும், அங்கிருந்து ஆங்கிலத்துக்குப் போகும்போது ‘எல்’ ஆகும், ஆதாரிலோ ‘இசட்-ஹெச்’ போட்டிருப்பார்கள். கணினி இதைப் பார்த்து நான்கு வெவ்வேறு ஆட்கள் என்று முடிவு கட்டும்.

மென்பொருள் செய்கிறவர்கள் இதற்கு எழுத்துக்கு எழுத்து பொருத்தம் தேடக் கூடாது. தந்தை அல்லது கணவர் பெயர், மனை எண், கதவு எண், வரி கட்டிய வரலாறு ஆகிய நான்கில் மூன்று ஒத்துப்போனால் ‘பொருந்தக்கூடியது’ என்று தனி வரிசையில் போடுங்கள். அதை ஏ.ஆர்.ஓ நிலையிலேயே, ஒரே நபர்தான் என்ற உறுதிமொழிப் பத்திரம் வாங்கிக்கொண்டு முடிக்கும் அதிகாரம் தாருங்கள். உரிமையாளர் இறந்து வாரிசுகள் மூன்று பேர் என்ற கோப்பை மட்டும் இந்தக் குறுக்கு வழியில் விடவே கூடாது. ஒரு தங்கையின் பங்கு காணாமல் போவது அப்படித்தான்.

கவுன்ட்டரில் விண்ணப்பம் கன்னடத்தில்தான் இருக்கும், இருக்கவும் வேண்டும். ஆனால் எதிரே நிற்கும் பாட்டிக்குத் தமிழிலோ தெலுங்கிலோ தக்கனி உருதுவிலோ விளக்கம் சொல்ல ஒருவர், முதல் மூன்று மாதமாவது, வரிசையின் தொடக்கத்தில் இருக்கட்டும். அப்படி ஒருவர் இல்லையென்றால் வாசலில் நிற்கும் புரோக்கர் அந்த வேலையைச் செய்வார், அதற்கு அவர் வைக்கும் விலையும் வேறு.

பழைய வழியை அடைக்கும் நாள்

இரண்டு விதமாகத் தவறு நடக்கும். பழைய வழியையும் புதிய வழியையும் கால வரம்பில்லாமல் சேர்த்து ஓட்டினால், ஊழியர் பழையதையே நம்புவார், புதியது நாளுக்கு நாள் பொய்யாகும். பூமிக்கு முன்னால் கர்நாடகத்தில் நடந்த நில ஆவணக் கணினி முயற்சிகள் இப்படித்தான் வீணாயின. ஒருமுறை ஏற்றினார்கள், அதன்பின் பட்டா மாற்றம் கையால்தான் நடந்தது, கணினியில் இருந்த தகவல் சீக்கிரமே காலாவதியாகிவிட்டது. இன்னொரு தவறு, பிழை திருத்தாமலே ஒரே நாளில் பழைய வழியை அடைப்பது. அப்போது கல்யாணத்துக்காகவோ மருத்துவச் செலவுக்காகவோ மனையை விற்க வந்தவர் நடுத்தெருவில் நிற்பார்.

நாங்கள் பரிந்துரைப்பது: சேர்த்து ஓட்டுவது ஆறு வாரத்துக்கு மேல் வேண்டாம். மேலே சொன்ன 400 பதிவுச் சோதனையில் பிழை 2 சதவீதத்துக்குக் கீழே வந்த அலுவலகத்தில் மட்டும் பழையதை அடையுங்கள். எல்லா இடத்திலும் ஒரே தேதி என்ற ஆசையை விட்டுவிடுங்கள். அடைத்த பிறகும் வரும் அவசரக் கோப்புக்கு ஒரு விதிவிலக்குப் பாதை வையுங்கள். ஆனால் அது ஒரே ஒரு அதிகாரியின் கையெழுத்தில், எண் போட்ட பதிவேட்டில், 90 நாள் காலவரம்போடு இருக்க வேண்டும். வாராவாரம் அந்தப் பதிவேட்டைப் படியுங்கள். விதிவிலக்கு பத்துக்கு ஒன்றைத் தாண்டினால் புதிய முறையில்தான் ஓட்டை.

முன்னோட்டத்துக்கு நல்ல அலுவலகத்தைத் தேர்ந்தெடுக்கும் பழக்கம் நிறைய இடங்களில் உண்டு. அங்கே எதைச் செய்தாலும் வெற்றிதான், அதனால் ஒன்றும் கற்க முடியாது. சுமாரான ஒன்று, மிக மோசமான ஒன்று என்று இரண்டில் தொடங்குங்கள்.

மாதத்தையும் கவனியுங்கள். மார்ச்சில் நிதியாண்டு முடிகிறது. ஏப்ரலில் சொத்து வரி முழுவதும் கட்டினால் 5 சதவீதம் தள்ளுபடி என்பதால் வருவாய்க் கவுன்ட்டர் திணறும். மே, ஜூன் மாதங்களில் சாதி, வருமானச் சான்றுக்குப் பெற்றோர் கூட்டம். ஆகஸ்டும் நவம்பரும் வசதியானவை. தேர்தல் நடத்தை விதி வரக்கூடிய காலத்தை முன்பே நாட்காட்டியில் குறித்துக்கொள்ளுங்கள். அறிவிப்பு வந்துவிட்டால் புதிதாக எதையும் தொடங்க விடமாட்டார்கள்.

சட்டம்

சுற்றறிக்கையால் சட்டத்தை மாற்ற முடியாது. யாராவது ஒருவர் உயர் நீதிமன்றம் போனால் ஒரே நாளில் தடை வரும். நீங்கள் செய்யப்போவது சட்டத்தில் இருக்கிறதா, விதியில் இருக்கிறதா, வெறும் வழக்கமா என்று ஒவ்வொரு படிக்கும் எதிரே எழுதி, சட்டப் பிரிவின் கையெழுத்து வாங்குங்கள். வழக்கமாக இருப்பதை ஆணையரே மாற்றலாம். பெரும்பாலான தாமதம் அந்த வகைதான் என்பது இதில் ஒரு நல்ல செய்தி.

சட்டத் திருத்தம் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லாத வழியும் உண்டு. பெங்களூரு மாநகராட்சி 2000-இல் சொத்து வரியைச் சுயமதிப்பீட்டு முறைக்குக் கொண்டுவந்தபோது அதை விருப்பத் திட்டமாகத்தான் வைத்தது. வேண்டாதவர் பழைய முறையிலேயே இருக்கலாம். கட்டாயம் இல்லாததால் வழக்கின் கூர்மை குறைந்தது, மக்களுக்கும் நம்பிக்கை வந்தது.

பொதுத்துறை நிறுவனங்களில் ஷிப்ட் நேரம், படி, பணிக்குறைப்பு போன்றவற்றைத் தொட்டால் தொழிலாளருக்கு 21 நாள் முன்னறிவிப்பு தர வேண்டும். இதைத் தவறவிட்டு, நல்ல மாற்றத்தையும் தொழில் தகராறாக ஆக்கிக்கொள்கிறவர்கள் உண்டு. அறிவிப்புக்கு முன்பே சங்கத்தோடு உட்காருங்கள். மேலே சொன்ன நான்கு பத்தித் தாளை அவர்களே உங்களைவிடச் சரியாக நிரப்புவார்கள்.

எண்கள் பொய் சொல்லும் விதம்

கர்நாடகத்தின் சகாலா சட்டம் 2011-இல் வந்தது, 2012-இல் நடைமுறைக்கு வந்தது. ஒவ்வொரு விண்ணப்பத்துக்கும் 15 இலக்க எண், ஒவ்வொரு சேவைக்கும் நாள் வரம்பு. தாமதமானால் நாளுக்கு 20 ரூபாய், அதிகபட்சம் 500 ரூபாய் இழப்பீடு, அது பொறுப்பான ஊழியரிடமிருந்து பிடிக்கப்படும். தொகை சின்னதுதான், ஆனால் பணிப்பதிவேட்டில் கறை விழும் என்ற பயம் வேலை செய்யும்.

இப்படி எந்த நாள் வரம்பைப் போட்டாலும், அதைச் சுற்றிப் போக மூன்று வழி தானாக உருவாகும். விண்ணப்பத்தைக் கையில் வாங்கி வைத்துக்கொண்டு, கோப்பு தயாரான பிறகே எண் போடுவது ஒன்று. கடைசி நாளுக்கு முந்தைய நாள் ‘ஆவணம் போதாது’ என்று நிராகரிப்பது மற்றொன்று. கேள்வி எழுப்பி விண்ணப்பதாரர் பக்கம் தள்ளினால் கடிகாரம் நின்றுவிடுமே, அது மூன்றாவது. அறிக்கையில் எல்லாமே ‘வரம்புக்குள்’ என்று வரும்.

இதைப் பிடிக்கச் செய்ய வேண்டியவை பெரிய வித்தை இல்லை. எண் போடாமல் விண்ணப்பம் வாங்கக் கூடாது என்ற பலகை கவுன்ட்டரில் இருக்கட்டும். நிராகரித்ததைக் காரணவாரியாக, ஊழியர்வாரியாகப் பிரியுங்கள். வரம்பின் கடைசி இரண்டு நாளில் எத்தனை நிராகரிப்பு என்று தனியாக எண்ணுங்கள். நிராகரிக்கப்பட்டவர் 60 நாளுக்குள் மறுபடி விண்ணப்பித்தால் முதல் விண்ணப்பத் தேதியிலிருந்தே நாளைக் கணக்கிடுங்கள். கேள்வி எழுப்புவது ஒரே முறை, எல்லாக் கேள்வியும் ஒரே கடிதத்தில், அதுவும் முதல் மூன்று வேலை நாளுக்குள்.

சராசரியை நம்ப வேண்டாம். நூறு விண்ணப்பத்தில் 90 பேருக்கு 5 நாள், 10 பேருக்கு 120 நாள் என்றால் சராசரி 16.5 நாள் வரும். வரம்பு 21 நாள் என்றால் அறிக்கை பச்சை நிறத்தில் ஜொலிக்கும். அந்தப் பத்துப் பேர் நான்கு மாதமாக அலைந்துகொண்டிருப்பார்கள், பெரும்பாலும் ஏழைகள், விதவைகள், எழுதப் படிக்கத் தெரியாதவர்கள். வரிசைப்படுத்தி 90-ஆவது விண்ணப்பம் எத்தனை நாள், 99-ஆவது எத்தனை நாள் என்று கேளுங்கள்.

வெளியிலிருந்து ஓர் அளவையும் வேண்டும். 1994, 1999, 2003 ஆகிய ஆண்டுகளில் பெங்களூருவின் பப்ளிக் அஃபேர்ஸ் சென்டர் என்ற தன்னார்வ அமைப்பு மக்களிடமே கேட்டு, ஒவ்வொரு அரசு அமைப்புக்கும் மதிப்பெண் அட்டை வெளியிட்டது. அலுவலகங்கள் தங்களைப் பற்றிச் சொன்னதற்கும் மக்கள் சொன்னதற்கும் இருந்த தூரம் அப்போதுதான் ஊருக்கே தெரிந்தது. உங்கள் அளவில் இதைச் சிறிதாகச் செய்யலாம். மாற்றத்துக்கு முன்பே 150 பேரிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். பிறகு வாரம் 30 பேரை, முடிந்த கோப்புகளிலிருந்து குலுக்கல் முறையில் எடுத்து, வேறு துறை ஆளைக்கொண்டு போன் பண்ணுங்கள். கேள்வி மூன்று போதும்: எத்தனை முறை வந்தீர்கள், ரசீதுக்கு மேல் பணம் கேட்டார்களா, வேறு யாராவது உதவினார்களா. இரண்டாவதற்கு உண்மையான பதில் வராது. மூன்றாவதற்கு வரும், அதிலேயே இரண்டாவதன் பதிலும் இருக்கும்.

டோக்கனும் வெண்டரும்

டிஜிட்டல் கையெழுத்துப் போட கணினியில் செருகும் டோக்கன் அதிகாரியிடம் இருக்க வேண்டியது, ஆபரேட்டரின் டிராயரில் கிடக்கும், பின் நம்பர் மானிட்டரின் ஓரத்தில் ஒட்டியிருக்கும். திடீர்ச் சோதனையில் முதலில் இதைப் பாருங்கள். அதிகாரி இடத்தாய்வில் இருந்த நேரத்தில் அவர் கையெழுத்து விழுந்திருக்கிறதா என்று பதிவுகளை ஒப்பிட்டால் போதும்.

வெண்டர் (மென்பொருள் செய்து தரும் நிறுவனம்) ஒப்பந்தத்தில் மூலநிரலும் தரவும் அரசுக்குச் சொந்தம் என்று எழுதுவது எளிது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை முழுத் தரவையும் வாங்கி, வேறொரு சர்வரில் ஏற்றி, வேறொரு குழுவால் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். அது ஓடினால்தான் அந்தக் காலாண்டுப் பணம். இது இல்லாத இடத்தில் ஒப்பந்தம் முடியும் வருடம் வெண்டர் சொல்வதுதான் விலை. சின்னச் சின்ன மாற்றங்களுக்கு வருடத்துக்கு இத்தனை ஆள்-நாள் என்று முன்பே விலைக்குள் சேர்த்துவிடுங்கள். இல்லையென்றால் பெயர்ப் பொருத்த விதியைத் திருத்தக்கூட தனிக் கோப்பு, தனி அனுமதி, மூன்று மாதம்.

ஆள் மாறும்போது, அலுவலகம் பிரியும்போது

குடிமைப் பணி அதிகாரிகளுக்குக் குறைந்தபட்சப் பதவிக்காலம் வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2013-இல் சொன்னது. நடப்பில் இரண்டு வருடம் ஒரே நாற்காலியில் இருப்பவர் அபூர்வம். ஆகவே திட்டம் ஒரு அதிகாரியின் ஆர்வத்தில் நிற்கக் கூடாது. தனி நிதித் தலைப்பு, ஆணையில் பெயரிடப்பட்ட இரண்டாம் நிலை அதிகாரி, மாதாந்திரக் கூட்டத்தின் குறிப்பு ஆகிய மூன்றும் இருந்தால் புதிதாக வருகிறவர் நிறுத்த நினைத்தாலும் ஏன் என்று எழுத்தில் சொல்ல வேண்டிவரும். ஒப்படைப்புக் கோப்பு பத்துப் பக்கத்துக்கு மேல் போகக் கூடாது. முதல் பக்கத்தில், அடுத்த 60 நாளில் எடுக்காவிட்டால் கெட்டுப்போகும் முடிவுகளை மட்டும் தேதியோடு எழுதுங்கள்.

அலுவலகமே பிரிவதும் சேர்வதும் பெங்களூருவுக்குப் புதிதில்லை. 2007-இல் சுற்றியிருந்த ஏழு நகரசபைகளையும் கெங்கேரியையும் 110 கிராமங்களையும் சேர்த்து பெரிய மாநகராட்சி ஆக்கினார்கள். 2025 செப்டம்பரில் அதையே மத்திய, கிழக்கு, மேற்கு, வடக்கு, தெற்கு என்று ஐந்தாகப் பிரித்து, மேலே கிரேட்டர் பெங்களூரு ஆணையத்தை வைத்தார்கள். இப்படி எல்லைக்கோடு மாறும்போது மூன்று பட்டியலில் ஒவ்வொரு வரிக்கும் எதிரே புதிய பொறுப்பாளரின் பதவி எழுதப்பட்டிருக்க வேண்டும்: நீதிமன்றத்தில் இருக்கும் வழக்குகள், ஒப்பந்தக்காரர்களுக்குத் தர வேண்டிய பாக்கி, முடியாமல் இருக்கும் மக்கள் விண்ணப்பங்கள். முதல் இரண்டையும் கேட்க வக்கீலும் ஒப்பந்தக்காரரும் வருவார்கள். மூன்றாவது பட்டியலை, பழைய எண்ணும் புதிய எண்ணும் பக்கத்தில் பக்கத்தில் வருமாறு அச்சடித்து, இரண்டு அலுவலக வாசலிலும் கன்னடத்தில் ஒட்டுங்கள், விண்ணப்பதாரரின் போனுக்கும் அனுப்புங்கள். எண் மாறியதால் தேதி மாறாது, முதல் விண்ணப்ப நாளே செல்லும் என்ற ஒரு வரியும் அதில் இருக்க வேண்டும்.